காடும் கரிக்கணக்கும்



ஒரு மரம் எதனால் ஆனது? வகுப்பறையில் இவ்வினாவை எழுப்பும்போதெல்லாம் பிள்ளைகள் சிறிதும் தயங்காமல் ‘மண்ணால் ஆனது’ என்று விடை கூறுவார்கள். வேர் மண்ணுக்குள் இருக்கிறது; மண் நல்லதாயின் மரம் செழிக்கிறது; களர் நிலமாயின் வாடுகிறது. ஆதலின் மரத்தின் உடல் மண்ணிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் துணிபு. நெடுங்காலம் அறிஞர் பலரும் அவ்வாறே எண்ணியிருந்தனர்.

இன்று பெல்ஜியம் எனப்படும் நாட்டிலே, பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த வான் ஹெல்மான்ட் என்பவர் இதனைச் சோதித்துப் பார்க்க முற்பட்டார். சூளையில் உலர்த்திய 200 இராத்தல் மண்ணை ஒரு தொட்டியில் இட்டார். வில்லோ என்னும் ஆற்றோர மரத்தின் கன்று ஒன்றை, 5 இராத்தல் எடையுள்ளதாகத் தேர்ந்து, அதில் நட்டார். மழைநீரைத் தவிர வேறொன்றும் வார்க்கவில்லை. ஐந்தாண்டு கழித்து மரத்தைப் பிடுங்கி நிறுத்தபோது அது 169 இராத்தல் இருந்தது. மண்ணை மீண்டும் உலர்த்தி நிறுத்தார். குறைந்தது ஏறத்தாழ இரண்டு அவுன்ஸ் மட்டுமே. ஆகவே மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். அவர் மறைவுக்குப் பின் 1648ஆம் ஆண்டில் இச்சோதனை நூலில் வெளிவந்தது.

இதிலுள்ள வேடிக்கை யாதெனில், அதே வான் ஹெல்மான்ட் 62 இராத்தல் மரக்கரியை எரித்து, மிஞ்சிய சாம்பல் ஒரே இராத்தல் எனக் கண்டு, எஞ்சியது கண்ணுக்குப் புலனாகாத ஆவியாய்ப் போயிற்று என்றும் எழுதிவைத்தார். ‘காஸ்’ என்று மேனாட்டார் வழங்கும் சொல்லை ஆக்கித் தந்தவரும் அவரே. எரியும்போது காற்றிலே கலப்பது எதுவோ, அதுவே வளரும்போது காற்றிலிருந்து வந்தது என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1804இல், ஜெனீவா நகரத்துச் சோஷூர் என்பார் அளந்து காட்டிய பிறகே அது ஐயமின்றி விளங்கிற்று. காற்றிலுள்ள கரியமில வாயுவை இலை உட்கொண்டு, கதிரவன் ஒளியின் துணையால் அதிலுள்ள கரியைப் பிரித்துத் தன் உடலாக்கிக் கொள்கிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரி. பாடப்புத்தகங்கள் இதனைக் கார்பன் என்றும் கரிமம் என்றும் கூறும். நான் கரி என்றே சொல்கிறேன். அடுப்படியில் உள்ளவருக்கும் அது விளங்கும்.

அந்தக் கரியை அளந்து பார்க்க வேண்டிய தேவை இன்று ஏன் வந்தது? ஹவாய்த் தீவிலே மௌனா லோவா என்னும் எரிமலையின் சரிவில், சார்லஸ் கீலிங் என்பவர் 1958இல் காற்றை அளக்கத் தொடங்கியபோது, பத்து இலட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 313 பங்கு இருந்தது. இப்போது அது 420ஐக் கடந்துவிட்டது. நிலக்கரியும் பெட்ரோலும் எரிவதால் ஏறும் இந்த வாயு, பூமியின் வெப்பத்தை வெளியே போகவொட்டாமல் தடுக்கிறது. வாயு ஏறுவதைக் காடுகள் ஓரளவு தாங்கிப் பிடிக்கின்றன. ஆதலால் உலக நாடுகள் கூடிப் பேசியபோது, 2030ஆம் ஆண்டிற்குள் காடுகளாலும் மரங்களாலும் 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவைக் கூடுதலாக உள்ளடக்குவோம் என்று இந்தியா 2015இல் வாக்களித்தது. டேராடூனில் இயங்கும் இந்திய வன அளவை நிறுவனம், 2023ஆம் ஆண்டிற்குரியதாக வெளியிட்ட அறிக்கையில், 2005ஐ அடிப்படையாகக் கொண்டு நோக்கினால் 229 கோடி டன் சேர்ந்துவிட்டது என்று கூறுகிறது.

வாக்குக் கொடுத்தவன் கணக்குக் காட்ட வேண்டும். காட்டும் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதே இன்றைய பேச்சு.

அளவை என்பது நம் செங்கற்பட்டுச் சீமைக்குப் புதிதன்று. நான் வாழும் சிறுசேரிக்கு வடக்கே, பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கத்துக் குன்றுவரை ஏழரை மைல் நீளக் கோடு ஒன்றை, வில்லியம் லாம்டன் 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் அளக்கத் தொடங்கினார். குமரிமுனை முதல் இமயம்வரை நீண்ட பெரு முக்கோண அளவைக்கு அதுவே அடிக்கோடு. ஏழரை மைலை அளக்க அவருக்கு 57 நாள் ஆயிற்று. அளந்த சங்கிலி உருக்கினால் ஆனது, நூறடி நீளம். வெயிலில் அது நீளும், நிழலில் சுருங்கும். ஆதலின் அதனை மரப்பெட்டிகளில் கிடத்தி, மேலே கூடாரம் போட்டு, வெப்பமானி வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு நகர்ந்தார். தொடக்கத்தில் நேரும் ஓர் அங்குலப் பிழை இமயத்தில் எவ்வளவாகும் என்பதை அவர் அறிந்திருந்தார். அந்தக் கோட்டின்மேல் இன்று எத்தனையோ குடியிருப்புகள் எழுந்துவிட்டன.

மரத்தை அளப்பதற்கும் அதே எச்சரிக்கை வேண்டும். ஆனால் கருவி எளியது. தையற்காரர் வைத்திருக்கும் நாடா போதும். மரத்தின் அடியிலிருந்து நாலரை அடி உயரத்தில், அதாவது 1.37 மீட்டரில், சுற்றளவை எடுக்கிறோம். இதனை மார்பளவு உயரம் என்பர். குனியாமல் அளக்கலாம் என்பதோடு, அடிமரத்தின் புடைப்பும் வேரின் வீக்கமும் அங்கே கணக்கைக் கெடுப்பதில்லை. சரிவில் நிற்கும் மரமாயின் மேட்டுப் பக்கத்தில் நின்று அளக்க வேண்டும். மார்பளவுக்குக் கீழேயே இரண்டாகக் கிளைத்திருந்தால் இரண்டு மரமாகக் கொள்ள வேண்டும். கொடி சுற்றியிருந்தால் நாடாவைக் கொடியின் அடியிலே நுழைக்க வேண்டும்.

உயரத்திற்கு மரமேற வேண்டுவதில்லை. ஒரு மீட்டர்க் கோலை நிமிர்த்தி நடுக. அதன் நிழல் 80 சென்டிமீட்டர். அதே வேளையில் மரத்தின் நிழல் 8 மீட்டர். எனின் மரம் 10 மீட்டர் உயரம். வடிவொத்த முக்கோணங்களைக் கரும்பலகையில் மூன்று நாள் நடத்துவதைவிட, வேப்ப மரத்தடியில் அரைமணி நேரம் நடத்துவது மேல் என்று ஆசிரியப் பயிற்சிக் காலத்திலேயே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இப்போது அந்த வேம்பின் எடையைக் காண்போம். சுற்றளவு 120 சென்டிமீட்டர் என்க. 3.14ஆல் வகுத்தால் விட்டம் 38 சென்டிமீட்டர் சொச்சம். விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, உயரத்தாலும் பெருக்கி, வேப்பமரத்தின் அடர்த்தியாலும் பெருக்குகிறோம். கிடைத்த தொகையை எடையாக மாற்றுவதற்கு ஒரு வாய்பாடு வேண்டும். அந்த வாய்பாட்டுக்குப் பின்னே பெரும் உழைப்பு இருக்கிறது. வெப்பமண்டல நாடுகளில் 58 இடங்களில், 4,004 மரங்களை வெட்டி, நிறுத்து, அவற்றின் அளவுகளை ஒப்பிட்டு, ழெரோம் ஷாவ் என்னும் பிரெஞ்சு அறிஞரும் அவர் குழுவினரும் 2014இல் அதனை வெளியிட்டனர். அத்தனை மரங்கள் வீழ்ந்ததனால்தான் நம் வேம்பை நிற்கவைத்தே நிறுக்க முடிகிறது.

அவ்வாய்பாட்டின்படி, நம் வேம்பின் தரைக்கு மேலுள்ள உலர் எடை சுமார் 543 கிலோ. அதில் நூற்றுக்கு 47 பங்கு கரி என்று கொண்டால் 255 கிலோ. கரியமில வாயுவாகக் கணக்கிட்டால் 935 கிலோ; ஏனெனில் 12 பங்கு கரியோடு 32 பங்கு பிராணவாயு கூடி 44 பங்கு கரியமில வாயு ஆகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளிப்படும். ஆகவே அந்த வேம்பு தன் வாழ்நாளில் தண்டிலும் கிளையிலும் சேர்த்து வைத்தது 400 லிட்டர் பெட்ரோலுக்கு ஈடு. பழைய மகாபலிபுரம் சாலையிலே நாள்தோறும் 60 கிலோமீட்டர் போய்வரும் கார் ஒன்று, லிட்டருக்குப் 15 கிலோமீட்டர் ஓடுமாயின், நாளொன்றுக்கு நான்கு லிட்டர் குடிக்கும். நூறே நாளில் அந்த வேம்பின் சேமிப்பு காற்றில் போய்விடும்.

இக்கணக்கைக் கேட்டு மரத்தை அற்பமாக எண்ணிவிடலாகாது. நிழலும் பறவையும் காய்ந்த மண்ணில் ஈரமும் இக்கணக்கில் வருவதில்லை. ஆயினும் கரி என்று வந்தால் கரிக்கணக்குத்தான் பேச வேண்டும்.

சாலை அகலப்படும்போதும் கட்டடம் எழும்போதும், ‘ஒரு மரத்தை வெட்டினால் பத்துக் கன்று நடுவோம்’ என்று கூறுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பத்து மடங்கு என்பது தாராளமாகவே காதில் விழுகிறது. நிறுத்துப் பாருங்கள். நாற்றங்காலிலிருந்து வரும் கன்றை உலர்த்தினால் இருநூறு கிராம் தேறுமா? பத்தும் சேர்ந்து இரண்டு கிலோ; அதில் கரி ஒரு கிலோ. எதிர்த்தட்டில் 255 கிலோ. பத்துக் கன்றும் பிழைத்துப் பல்லாண்டு நின்ற பிறகே தட்டுச் சமனாகும். அவை நின்றனவா என்று ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் போய்ப் பார்த்தவர் யார்? நட்ட எண்ணிக்கை செய்தித்தாளில் வருகிறது. நின்ற எண்ணிக்கை எங்கும் வருவதில்லை. மாணவர் சேர்க்கையை மட்டும் பெருமையோடு அறிவித்துவிட்டு, ஆண்டிறுதியில் எத்தனை பேர் தேறினர் என்பதைக் கூறாத பள்ளியைப் பற்றி நாம் என்ன நினைப்போம்?

நின்றதை அளப்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சிறந்த முன்மாதிரி உண்டு. நீலகிரி மாவட்டத்து முதுமலையில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆர். சுகுமாரும் அவர்தம் குழுவினரும் 1988ஆம் ஆண்டு முதல் 50 ஹெக்டேர் காட்டை நிலையான ஆய்வுநிலமாகக் கொண்டு அளந்து வருகின்றனர். ஒரு கிலோமீட்டர் நீளம், அரைக் கிலோமீட்டர் அகலம். அதனை இருபது மீட்டர்ச் சதுரங்களாகப் பிரித்து, ஒரு சென்டிமீட்டர் பருமனுக்கு மேற்பட்ட மரம் ஒவ்வொன்றுக்கும் எண் தாங்கிய தகடு கட்டி, வரைபடத்தில் அதன் இடத்தைக் குறித்தனர். முதற் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 26,000 மரங்கள் இருந்தன. எவை இறந்தன, எவை புதிதாய் எழுந்தன என்று ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். நான்காண்டுக்கு ஒருமுறை பருமனை அளக்கிறார்கள்.

அங்கே கண்டது சிந்திக்கத் தக்கது. காட்டுத் தீயாலும் யானைகளாலும் அடுத்த சில ஆண்டுகளில் மரங்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. கைடியா என்னும் சிறுமரத்தை யானைகள் ஒடித்துத் தின்று ஏறக்குறைய ஒழித்தேவிட்டன. ஆனால் குறைந்தவற்றுள் பெரும்பாலானவை சிறியவை. தேக்கும் கருமருதும் நின்றமையால், தலைகளை எண்ணினால் காணும் வீழ்ச்சி எடையில் அவ்வளவாக இல்லை. இதற்கு மாறாக ஒரு காட்டில் பெருமரங்கள் பத்துப் போய், சிறு செடிகள் ஆயிரம் முளைத்திருந்தால், எண்ணிக்கை ஏறும், கரி இறங்கும். ஆகவே மரத்தை எண்ணுவது வேறு, காட்டை நிறுப்பது வேறு.

அளக்கும் இடத்தில் மரத்தைச் சுற்றி வண்ணத்தால் கோடிடுவது முறை. இது அற்பச் செய்தி அன்று. நம் வேம்பில் நாடா சற்று ஏறியோ சாய்ந்தோ போய் ஐந்து சென்டிமீட்டர் பிசகினால், எடையில் 8 விழுக்காடு, அதாவது 40 கிலோவுக்கு மேல், பிசகும். ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் பருக்கும் மரமாயின், ஐந்தாண்டு வளர்ச்சியை ஒரு கவனக்குறைவு விழுங்கிவிடும். அல்லது இல்லாத வளர்ச்சியைக் காட்டும். லாம்டன் சங்கிலிக்குக் கூடாரம் போட்ட காரணமும் இதுவே.

நம் ஊர்ப்புறத்திலோ நாடாவுக்கு அடங்காத மரம் ஒன்று இருக்கிறது. அது பனை. வேம்பும் புளியும் ஆண்டுதோறும் பருக்கும். பனையோ புல்லுக்கு உறவு; ஒருவித்திலைத் தாவரம். தண்டு உருவாகிவிட்ட பிறகு அது பருப்பதில்லை, உயர்வது மட்டுமே. இருபது வயதுப் பனைக்கும் அறுபது வயதுப் பனைக்கும் நாடா ஒரே விடைதான் தரும். ஆகையால் பனையை உயரத்தைக் கொண்டே மதிப்பிட வேண்டும். வேம்புக்குரிய வாய்பாடு அதற்குப் பொருந்தாது. ஏரிக்கரைகளில் வரிசையாய் நிற்கும் பனைகளை வேம்புக் கணக்கில் சேர்த்து எழுதிய அறிக்கை எதுவாயினும் அது பிழையே. தமிழ்நாட்டின் மாநில மரமாகிய இதனை மாவட்ட ஆட்சியரின் இசைவின்றி வெட்டலாகாது என்று 2021ஆம் ஆண்டு அரசு அறிவித்தது. இந்த ஒரு செய்தியில் அரசாங்கத்தைப் பாராட்டுவதில் எனக்குத் தயக்கமில்லை.

இதுவரை கண்ணுக்குத் தெரியும் பகுதியைப் பேசினோம். இனி மண்ணுக்குள் செல்வோம். காட்டின் கரி ஐந்து இடங்களில் இருப்பதாக அறிஞர் பகுத்துள்ளனர். தரைக்கு மேலுள்ள தண்டும் கிளையும் இலையும் ஒன்று, தரைக்குக் கீழுள்ள வேர் ஒன்று, பட்ட மரம் ஒன்று, சருகு ஒன்று, மண்ணோடு கலந்த மக்கு ஒன்று. 2023ஆம் ஆண்டுக்குரிய அறிக்கையின்படி இந்தியக் காடுகளில் உள்ள கரி 728 கோடி டன்னுக்கு மேல். அதில் பாதிக்கும் மேற்பட்டது எது என்று நினைக்கிறீர்கள்? வானளாவிய தேக்கும் தேவதாருவும் அல்ல. காலின் கீழுள்ள மண்தான்.

மண்ணின் கரியை அளப்பதற்கு ஒரு பழைய முறை உண்டு. 1934இல் வாக்லி, பிளாக் என்னும் இருவர் அதனை வகுத்தனர். மண்ணைப் பொட்டாசியம் டைகுரோமேட் என்னும் செம்மஞ்சள் உப்போடும் கந்தக அமிலத்தோடும் சேர்த்தால், மண்ணிலுள்ள கரி அவ்வுப்பின் ஒரு பகுதியைச் செலவழிக்கும். மிஞ்சியதை அளந்து, செலவானது எவ்வளவு எனக் கண்டு, கரியைக் கணக்கிடுகிறோம். இம்முறை கரி முழுவதையும் பிடிப்பதில்லை. நான்கில் மூன்று பங்குக்குச் சற்றே மேல் பிடிக்கும். எஞ்சியதற்குத் திருத்தம் சேர்க்க வேண்டும். நம் மண்பரிசோதனைக் கூடங்களில் இன்றும் இது வழக்கில் உள்ளது. 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் ஒவ்வொரு விவசாயிக்கும் கிடைக்கும் அட்டையிலே, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவற்றோடு, அங்ககக் கரிமம் என்று ஒரு வரி இருக்கிறது. பலர் அதனைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிடுகின்றனர். கரிக்கணக்கு அவர்கள் வீட்டுப் பரணிலேயே கிடக்கிறது!

அந்த வரியில் 0.5 விழுக்காடு என்றிருந்தால் அதன் பொருள் யாது? ஒரு ஹெக்டேர் நிலத்தின் மேல் மண்ணை, 30 சென்டிமீட்டர் ஆழத்திற்கு, ஒரு கன சென்டிமீட்டர் 1.4 கிராம் என்ற அடர்த்தியில் நிறுத்தால், 4,200 டன் வரும். அதில் 0.5 விழுக்காடு 21 டன் கரி. நம் வேம்பைப் போன்ற எண்பது மரங்களின் தண்டும் கிளையும் சுமக்கும் கரிக்கு இது ஈடாகும். தொழுவுரமிட்டு, சருகை எரிக்காமல் மக்கவைத்து, பல ஆண்டுகளில் அதனை 0.6 ஆக உயர்த்தினால், ஹெக்டேருக்கு மேலும் 4 டன் சேர்ந்துவிடும். உயர்ந்ததா என்பதை ஒரு பிடி மண்ணால் அறிய இயலாது. வரப்போரத்து மண் வேறு, நடுவயல் மண் வேறு. பல இடங்களில் எடுத்துக் கலந்து, அதே ஆழத்தில், அடர்த்தியையும் அளந்து பார்த்தால்தான் கணக்கு நிற்கும்.

செங்கற்பட்டை ஏரிகள் மாவட்டம் என்பர். ஏரிப்படுகையிலும் பள்ளிக்கரணைச் சதுப்பிலும் நீருக்கடியில் மக்குப் பொருள் மெதுவாகவே சிதைகிறது. ஆதலின் கரி அங்கே நெடுநாள் தங்கும். பள்ளிக்கரணை 2022இல் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சர்ப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் ஈரநிலத்துக்கு மறுபக்கமும் உண்டு. காற்றில்லாத சேற்றில் மீத்தேன் என்னும் வாயு பிறக்கிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். நன்மையை மட்டும் எழுதி இதனை மறைப்பவர் கணக்கரே அல்லர். அதற்காக ஏரியைத் தூர்த்துக் கட்டடம் கட்டலாம் என்று வாதிப்பவரும் உண்டு. தூர்த்த மண்ணில் தங்கியிருந்த கரி வெளியேறுவதையும், கட்டடத்தின் சிமெண்டு சுடப்பட்டபோது வெளியேறிய வாயுவையும் அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. மழைக்காலத்தில் நீர் எங்கே போகும் என்ற கேள்வி அதற்கும் முந்தியது.

இவ்வளவும் நிலத்தில் நின்று அளப்பது. நாடு முழுவதையும் நாடாவால் அளக்க இயலுமா? இயலாது. ஆகவே வானிலிருந்தும் பார்க்கிறார்கள். வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு எங்கெங்கே மரப்போர்வை உள்ளது என வரைகிறது. பின்னர் நாட்டை ஐந்து கிலோமீட்டர்க் கட்டங்களாக வகுத்து, தேர்ந்த சில கட்டங்களில் ஆட்களை அனுப்பி மரத்தையும் மண்ணையும் அளக்கச் செய்கிறது. இரண்டையும் பொருத்தி மொத்தம் காண்கிறது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கிளைகள் பத்தில் ஒரு பங்கை மூடியிருந்தால், அது யாருடைய நிலமாயினும், எந்த மரமாயினும், அறிக்கையில் காட்டுப்போர்வை என்றே வரும். கோவளம் முதல் மாமல்லபுரத்துக்குத் தெற்கே வரை மணற்பாங்கில் உள்ள சவுக்குத் தோப்புகளை எண்ணிப் பாருங்கள். வானிலிருந்து அவை அடர்ந்த பசுமையாய்த் தோன்றும். நான்கைந்து ஆண்டில் வெட்டிவிடுவார்கள். பந்தற்காலாகவும் சாரமரமாகவும் விறகாகவும் காகிதக் கூழாகவும் அவை போகும். விறகு எரிந்த அன்றே அதன் கரி காற்றுக்குத் திரும்பும். சவுக்கைக் குறை கூறுகிறேன் அல்லேன். மணலிலும் வளர்ந்து, வேர்முடிச்சுகளால் தழைச்சத்தை நிலைநிறுத்தி, கடற்காற்றைத் தடுத்து, ஏழைக் குடியானவனுக்குக் கைப்பணம் தருவது அது. ஆனால் சவுக்குத் தோப்பையும் வண்டலூர்க் காட்டையும் ஒரே நிறத்தில் தீட்டிய வரைபடம் கரிக்கணக்குக்குப் போதாது. தோப்பு பெறும் மதிப்பு, வெட்டுவதற்கு முன்னும் பின்னும் சேர்த்து எடுத்த சராசரியாக இருத்தல் வேண்டும்.

காடும்கூட என்றும் நிற்பதன்று. 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் வீசியபோது, வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே பகலில் சாய்ந்தன. அதற்கு முதல்நாள் எடுத்த கணக்கு மறுநாள் செல்லாது.

வானத்துக் கண்ணும் இப்போது கூர்மையாகியிருக்கிறது. இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்த நைசார் என்னும் செயற்கைக்கோள், 2025ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள், சென்னைக்கு வடக்கேயுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. பன்னிரண்டு மீட்டர் விட்டமுள்ள குடை போன்ற அலைவாங்கியை விரித்து, பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அது பூமியைச் சுற்றிப் பார்த்துவிடும். அதன் ரேடார் அலைகளுள் ஒன்று ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் நீளம் உடையது. சிற்றலைகள் இலையிலேயே பட்டுத் திரும்பிவிடும். இந்நீள அலை இலைகளினூடே நுழைந்து கிளையிலும் தண்டிலும் பட்டுத் திரும்பும். முகில் மறைப்பதில்லை, இரவும் பகலும் ஒன்றே. எனினும் காடு மிக அடர்ந்தால், இதற்குமேல் எவ்வளவு என்று இவ்வலைக்கும் தெரியாது. அதனால் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் அதே ஆண்டு ஏப்ரலில், 70 சென்டிமீட்டர் அளவில் நீண்ட அலையோடு, பயோமாஸ் என்னும் மற்றொரு கோளை ஏவியது.

இவ்வளவு பெருங்கருவிகள் வந்த பின் நாடா எதற்கு என்று கேட்கலாம். செயற்கைக்கோள் எடையைப் பார்ப்பதில்லை, எதிரொலியைப் பார்க்கிறது. இத்தகைய எதிரொலிக்கு இத்தனை டன் என்று அதற்குச் சொல்லிக் கொடுப்பது, முதுமலை போன்ற இடத்தில் நாடாவோடு நின்றவர் எழுதிய பதிவேடுதான்.

கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. கரி இப்போது வாணிகப் பொருளாகிவிட்டது. 2023இல் நடுவண் அரசு கரி வரவு வாணிகத்துக்குரிய திட்டத்தை அறிவித்தது. புகை விடும் ஆலை ஒன்று, எங்கோ ஓரிடத்தில் சேமிக்கப்பட்ட கரிக்குப் பணம் கொடுத்து, தன் புகைக்கு ஈடு செய்ததாகக் கணக்கில் எழுதிக்கொள்ள முற்படும். மரமோ நிலமோ பொய்யாகவோ மிகையாகவோ அளக்கப்பட்டிருந்தால், புகை மட்டும் மெய்யாக மேலே போகும். ஈடு தாளில் நிற்கும். கிராமத்தில் நிலமுடையவரிடம் எவரேனும் இத்தகைய ஒப்பந்தத்தோடு வந்தால், மரத்தை அளப்பவர் யார், அவருக்குக் கூலி கொடுப்பவர் யார், எத்தனை ஆண்டு வெட்டாமல் வைத்திருக்க வேண்டும், புயலில் சாய்ந்தால் நட்டம் யாரைச் சேரும் என்பவற்றைக் கேட்டறிந்த பிறகே கையொப்பமிட வேண்டும். பேரப்பிள்ளை காலம்வரை நிலத்தைக் கட்டிப்போடும் தாளை ஒரு மாலைப்பொழுதில் படித்து முடிக்க இயலாது.

பள்ளிகளுக்கு ஒரு சொல். ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் பத்து மரமேனும் இருக்கும். அவற்றுக்கு எண்ணிட்டு, மார்பளவில் வண்ணக் கோடிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை அளப்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளால் முடியும் வேலை. அளக்கும் பருவம் மாறக்கூடாது. பங்குனி, சித்திரை வறட்சியில் அடிமரம் சற்றே சுருங்கும். ஐப்பசி மழையில் நீர் குடித்து விம்மும். ஓராண்டு கோடையிலும் மறு ஆண்டு மழையிலும் அளந்தால், வளராத மரமும் வளர்ந்ததாகத் தோன்றும். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரம் இதற்கு ஏற்றது. இருவர் தனித்தனியே அளந்து, இரண்டையும் எழுத வேண்டும். வேறுபட்டால் மூன்றாமவர் அளக்க வேண்டும். அழித்து எழுதக்கூடாது, தவறியதன்மேல் ஒரு கோடு கிழித்துப் பக்கத்தில் எழுத வேண்டும். இறந்த மரத்தின் எண்ணைப் புது மரத்துக்குக் கொடுத்தலும் ஆகாது.

தலைமையாசிரியர் மாறும்போது, மேசை, நாற்காலி, நிலப்படம், தராசு என்று ஒரு பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் எழுதி இருவரும் கையொப்பமிடுவது முறை. மரப் பதிவேட்டையும் நாடாவையும் அந்தப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்துவிட வேண்டும். அப்போதுதான் வருகிறவர் அதனைத் தேடி எடுத்து, அடுத்த தை மாதத்தில் மறுபடியும் அளப்பார்.